காரவெல் விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போருக்குப் பின் பிரான்சில் உருவான இரட்டை எஞ்சின் பயணிகள் ஜெட் காரவெல். இந்தியன் ஏர்லைன்ஸ் முதலில் பறக்கவிட்ட ஜெட்டும் இதுதான். அதனால் பெயர் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. ஆனால் அதன் அமைப்பு, வகைகள், விபத்துகள் பற்றிச் சுற்றிவரும் தகவல்களில் பாதி அரைகுறை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

காரவெல்லை யார் கேட்டார்கள்? என்ன கேட்டார்கள்?

1951 அக்டோபரில் பிரெஞ்சு அரசின் சிவில் விமானக் குழு நடுத்தரத் தூர விமானம் ஒன்றுக்கான தேவைப் பட்டியலை வெளியிட்டது. 55 முதல் 65 பயணிகள், 1,000 கிலோ சரக்கு, 2,000 கி.மீ. வரையான பாதை, மணிக்கு 600 கி.மீ. அளவில் வேகம். எந்த வகை எஞ்சின், எத்தனை எஞ்சின் என்று பட்டியலில் எதுவும் சொல்லவில்லை. பாரிஸிலிருந்து அல்ஜியர்ஸ் போன்ற வட ஆப்பிரிக்க நகரங்களுக்குப் போய்வர இந்தத் தூரம் போதும்.

பிரெஞ்சு நிறுவனங்கள் பல வரைபடங்களைக் கொடுத்தன. துலூஸில் இருந்த அரசு நிறுவனமான சூட்-எஸ்த் எக்ஸ்-210 என்ற வடிவத்தைக் கொடுத்தது. நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரேய், தலைமை வடிவமைப்பாளர் பியர் சாத்ர். 1953 ஜனவரியில் பறக்கும் முன்மாதிரி இரண்டுக்கும், தரையில் வைத்துச் சோதிக்கும் உடல் இரண்டுக்கும் அரசு ஆர்டர் கொடுத்தது. 1957 மார்ச்சில் சூட்-எஸ்த், சூட்-வெஸ்த் என்ற இன்னொரு அரசு நிறுவனத்தோடு இணைந்து சூட் ஏவியேஷன் ஆனது. பழைய குறிப்புகளில் காரவெல்லைக் கட்டியவர்கள் பெயர் இரண்டு விதமாக வருவதற்குக் காரணம் இதுதான்.

எஞ்சினை ஏன் வாலில் கொண்டுபோய் வைத்தார்கள்?

முதலில் அங்கே வைக்க நினைத்தது மூன்று எஞ்சின். பிரான்சின் சொந்த எஞ்சினான ஸ்னெக்மா அத்தாரைப் பயன்படுத்தத்தான் விரும்பினார்கள். அதன் தள்ளுவிசை போதாது. இரண்டு இருந்தால் ஓடுபாதையில் ஒன்று நின்றுபோகும்போது மற்றொன்றால் விமானத்தைத் தூக்க முடியாது. எனவே பக்கத்துக்கு ஒன்று, வால் செங்குத்தின் அடியில் ஒன்று என மூன்று.

அதற்குள் இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் எஞ்சின் போதிய பலத்தோடு வந்துவிட்டது. இரண்டே போதும் என்றானதும் நடுவில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த இரண்டும் அங்கேயே தங்கிவிட்டன. "இறக்கையைச் சுத்தமாக வைப்பதற்காகவே இப்படி யோசித்தார்கள்" என்று பல கட்டுரைகளில் இருக்கும். அந்த ஆதாயம் உண்மைதான். ஆனால் வடிவம் இப்படி அமைந்ததில் கிடைத்த எஞ்சினின் பலவீனத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆதாயங்களைச் சொல்லிவிடலாம். இறக்கையில் எதுவும் தொங்காததால் விளிம்பு முழுவதும் காற்றை ஒழுங்காகப் பிடிக்கிறது. காரவெல் இறக்கையின் பின்சாய்வு வெறும் 20 டிகிரி. அதனால் ஏவான் எஞ்சின் வகைகளில் முன்விளிம்பில் ஸ்லாட் போன்ற, மெதுவான வேகத்தில் தூக்குவிசையைக் கூட்டும் சாதனம் எதுவும் இல்லாமலே, பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப் தகட்டை மட்டும் வைத்து மெதுவாக இறங்க முடிந்தது. எஞ்சின் இரண்டும் உடலை ஒட்டி இருப்பதால் ஒன்று நின்றாலும் விமானம் பக்கவாட்டில் அதிகம் இழுக்காது. எஞ்சினின் வாய் உயரத்தில் இருப்பதால் ஓடுபாதைக் கல்லும் மண்ணும் உள்ளே போவது குறைவு. முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு எஞ்சின் சத்தம் அநேகமாகக் கேட்காது. விளம்பரங்கள் கொண்டாடியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். பின்வரிசைக்காரர்களைப் பற்றி அவை பேசவில்லை.

இந்த அமைப்பால் வந்த தொல்லைகள் என்ன?

மூன்று முக்கியமானவை.

எஞ்சின் எடை பின்னால் போவதால் விமானத்தின் எடைமையமும் பின்னால் போகிறது. இறக்கையையும் அதற்கேற்பப் பின்னே தள்ள வேண்டும். தரையில் பயணி, சாமான் ஏற்றும் ஒழுங்கு தப்பினால் பின்பாரம் கூடி மூக்கு மேலே எழும்பிவிடும் அபாயம் உண்டு. காரவெல்லின் வயிற்றில், வாலுக்கு அடியில் இறங்கும் படிக்கட்டு இதற்கும் உதவியது. இறக்கி வைத்தால் பயணிகள் ஏறும் வழி, கூடவே வாலுக்கு ஒரு முட்டுக்கால். சிறிய விமான நிலையங்களில் தனிப் படிக்கட்டு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இரண்டாவது, எரிபொருள் இருப்பது இறக்கையில், எஞ்சின் இருப்பது வாலில். இடையே குழாய்கள் உடலுக்குள்ளாகப் போயாக வேண்டும். எஞ்சின் பக்கத்திலேயே வால் கட்டுப்பாடுகளும், அவற்றை அசைக்கும் அழுத்தத் திரவம் ஓடும் ஹைட்ராலிக் குழாய்களும் இருக்கின்றன. எஞ்சின் சிதறினால் என்ன ஆகும் என்பதை 1976 பம்பாய் விபத்து காட்டியது. அது பற்றிக் கீழே பார்ப்போம்.

மூன்றாவது, எடையைத் தாங்கும் இறக்கை வேரில் விசை கூடுகிறது. இறக்கையில் எஞ்சின் தொங்கினால் அதன் எடை, இறக்கை மேல்நோக்கி வளைவதை ஓரளவு தடுத்துவிடும். காரவெல்லில் அந்த உதவி கிடையாது. அதனால் இறக்கையைக் கூடுதல் வலுவோடு, கூடுதல் எடையோடு கட்ட வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு தொல்லையிலிருந்து காரவெல் தப்பியது. பின்னால் வந்த பிஏசி 1-11, டிசி-9 போன்றவற்றில் கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும். மூக்கை அளவு மீறித் தூக்கினால் இறக்கையிலிருந்து கலைந்து வரும் காற்று அந்த வாலை மூடிவிடும். பிறகு மூக்கை இறக்கவே முடியாது. 1963 அக்டோபரில் பிஏசி 1-11 முன்மாதிரி இப்படித்தான் விழுந்தது. காரவெல்லின் கிடைவால் செங்குத்து வாலில் தாழ்வாகவே பொருத்தப்பட்டிருந்தது.

மூக்கு காமெட் விமானத்தினுடையது என்கிறார்களே?

உண்மை. மூக்கையும் காக்பிட் எனும் விமானி அறையின் அமைப்பையும், காமெட் ஜெட்டைக் கட்டிய பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அழுத்தம் தாங்கும் காக்பிட்டைப் புதிதாக வடிவமைத்துச் சோதிப்பதற்கு ஆகும் காலம் மிச்சம். காமெட்டையும் காரவெல்லையும் முன்னாலிருந்து எடுத்த படங்களில் குழப்பிக்கொள்வதும் இதனால்தான்.

1954இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் பிளந்தபோது துலூஸில் கவலை எழுந்தது இயல்பு. ஆனால் காமெட்டில் பிளவு தொடங்கியது உடலின் மேற்புற அலுமினியத் தகட்டில், கோணமான திறப்புகளின் மூலையில். எடுத்துக்கொண்ட மூக்குப்பகுதி காரணம் அல்ல. காரவெல்லின் பயணிகள் பகுதி முழுவதும் சூட்-எஸ்த் தானே வடிவமைத்தது.

ஜன்னல்கள் ஏன் முக்கோண வடிவில் இருக்கின்றன?

காரவெல்லைத் தொலைவிலிருந்து அடையாளம் காண இதுவே எளிய வழி. மூலைகள் வளைந்த முக்கோணம், அகன்ற பக்கம் கீழே. ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் பார்க்கிறார். மேல்பாதியைக் குறுக்கினால் திறப்பின் பரப்பு குறையும், உடலின் வலு கூடும், பார்வை கெடாது. வளைந்த மூலை விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரவச் செய்கிறது.

முதல் பறப்பு எப்போது?

1955 ஏப்ரல் 21 அன்று கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பெயர் சூட்டியவர் பிரெஞ்சுத் தலைவர் சார்ல் தெ கோலின் மனைவி இவோன் தெ கோல். மே 27 அன்று பியர் நாதோ ஓட்ட, முதல் முன்மாதிரி துலூஸின் பிளாஞாக் களத்திலிருந்து எழும்பி 41 நிமிடம் பறந்தது. அந்தக் குழுவில் இருந்த ரோஜே பெத்தேய் என்ற பொறியாளர் பிறகு ஏர்பஸ் ஏ300 திட்டத்தை வழிநடத்தினார். வடிவமைப்பாளர் சாத்ர், ஒலியைவிட வேகமான கான்கார்டு விமானத்தின் பிரெஞ்சுப் பக்கத் தொழில்நுட்பத் தலைமைக்குப் போனார். இன்றைய துலூஸ் விமானத் தொழிலின் ஆட்கள் பலர் காரவெல் தளத்தில் பழகியவர்கள்தான்.

முதல் முன்மாதிரியின் முன்பக்கத்தில் சரக்குக்கான பெரிய கதவு இருந்தது. 1956 மே மாதம் பறந்த இரண்டாவது முன்மாதிரியில் அதை எடுத்துவிட்டு முழுக்க இருக்கைகள் போட்டார்கள். அதே ஆண்டு ஏர் பிரான்ஸ் 12 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, மேலும் 12க்கு வாய்ப்பும் வைத்துக்கொண்டது. 1959 ஏப்ரலில் ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் நிறுவனம் சேவையைத் தொடங்கியது, மே மாதத்தில் ஏர் பிரான்ஸ். சொந்த நாட்டு நிறுவனத்தை எஸ்ஏஎஸ் சில நாள் முந்திக்கொண்டது.

உலகின் முதல் குறுந்தூர ஜெட், முதல் இரட்டை எஞ்சின் ஜெட் என்பதெல்லாம் சரியா?

பொதுவாகச் சொல்லும்போது கவனம் வேண்டும். சோவியத்தின் டியூ-104 இரட்டை எஞ்சின் ஜெட்தான், 1956 செப்டம்பரிலேயே பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் எஞ்சின்கள் இறக்கை வேருக்குள் புதைந்திருக்கும். எஞ்சினை உடலின் பின்பக்கத்தில் பொருத்திய முதல் பயணிகள் ஜெட் என்று காரவெல்லைச் சொன்னால் தவறில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாரிஸிலிருந்து டிஜோன் வரை மிதந்தது என்கிறார்களே?

1959 ஏப்ரலில் ஏர் பிரான்ஸ் செய்துகாட்டிய விளம்பரப் பறப்பு அது. பாரிஸுக்கு மேலே மிக உயரத்துக்குப் போய், எஞ்சின் இரண்டையும் குறைந்தபட்ச ஓட்டத்துக்கு இறக்கிவிட்டு, ஏறக்குறைய 265 கி.மீ. தூரத்தை 46 நிமிடத்தில் கடந்து டிஜோனை அடைந்தார்கள். எஞ்சின் முழுதாக நிற்கவில்லை. குறைந்தபட்ச ஓட்டத்திலும் ஜெட் எஞ்சின் கொஞ்சம் தள்ளும். கேபின் அழுத்தத்துக்கும் ஹைட்ராலிக்குக்கும் அந்த ஓட்டம் தேவை. ஆகவே இந்த எண்ணை வைத்து காரவெல்லின் சறுக்கு விகிதத்தை (ஒரு மீட்டர் இறங்கும்போது எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பதை) கணக்கிடாதீர்கள், நிஜத்தைவிட நல்ல விடை வரும். சுத்தமான இறக்கையின் தரத்தைக் காட்ட அந்தப் பறப்பு போதும்.

வகைகளை எப்படிப் பிரித்தறிவது?

மொத்தம் 282. முன்மாதிரி இரண்டு, வகை 1 பத்தொன்பது, 1-ஏ பதின்மூன்று, வகை 3 எழுபத்தெட்டு, 6-என் ஐம்பத்து மூன்று, 6-ஆர் ஐம்பத்தாறு, 10-ஏ ஒன்றே ஒன்று, 10-பி இருபத்திரண்டு, 10-ஆர் இருபது, 11-ஆர் ஆறு, வகை 12 பன்னிரண்டு.

படத்தைப் பார்த்து 1, 1-ஏ, 3, 6-என் ஆகியவற்றைப் பிரிப்பது வீண் வேலை. நான்கும் ஒரே உடல்: நீளம் 32.01 மீட்டர், இறக்கை விரிவு 34.30 மீட்டர். மாறுவது உள்ளே இருக்கும் ஏவான் எஞ்சினின் பதிப்பும் அதிகபட்ச எடையும்தான். வகை 1 புறப்படும்போது 43,500 கிலோ, வகை 3 46,000, 6-என் 48,000. போதாததற்கு 1, 1-ஏ விமானங்களை ஒன்று தவிர எல்லாவற்றையும் பின்னால் வகை 3 ஆக மாற்றிவிட்டார்கள். ஒரே பதிவெண்ணுக்கு இரண்டு வகை எழுதியிருந்தால் பெரும்பாலும் இரண்டுமே சரி. ஆண்டைப் பாருங்கள்.

6-ஆர் வந்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. காக்பிட் முன்கண்ணாடி பெரிது. எஞ்சின் கூட்டின் பின்முனையில் தள்ளுவிசையைத் திருப்பிவிடும் தடுப்பு. இறக்கையின் மேல் எழும்பித் தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லர் தகடு. எடை 50,000 கிலோ.

10-பி வகையை எஞ்சினை வைத்தே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி ஜேடி8டி, முன்னால் பெரிய விசிறி உள்ள டர்போஃபேன் எஞ்சின்; ஏவானைவிடத் தடிமன். உடல் ஒரு மீட்டர் நீண்டது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பு முன்னே நீட்டியிருக்கும். செங்குத்து வாலும் கிடைவாலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சுருட்டு வடிவ உறை ஒன்று துருத்தி நிற்கும். 10-ஆர் என்பது 6-ஆர் உடலில் அதே புது எஞ்சின். 11-ஆர் என்றால் முன்பக்கம் இடப்புறம் சரக்குக் கதவு. வகை 12 பார்த்ததும் தெரியும், 36.24 மீட்டர் நீளம். 1970 அக்டோபரில் முதலில் பறந்தது. டென்மார்க்கின் ஸ்டெர்லிங், பிரான்சின் ஏர் இன்டர் இரண்டுக்குமாகச் செய்தார்கள். நெருக்கிப் போட்டால் 140 பேர் வரை உட்காரலாம். வகை 3இல் 80 பேர்தான் வழக்கம்.

தரையிறங்கும்போது பாராசூட் விரிந்ததா?

ஆம். 6-ஆருக்கு முந்தைய வகைகளில் தள்ளுவிசையைத் திருப்பும் ஏற்பாடு இல்லை. ஈர ஓடுபாதையில், அல்லது நீளம் குறைந்த களத்தில், சக்கர பிரேக் மட்டும் போதாது. எனவே வால்நுனியில் ஒரு பாராசூட் வைத்திருந்தார்கள், போர்விமானங்களில் இருப்பதுபோல. நின்றபின் அதைக் கழற்றிவிட்டு, ஆட்கள் போய் எடுத்துவந்து, உலர்த்தி, மடித்து, மறுபடி பொருத்த வேண்டும். நாளுக்குப் பல முறை இறங்கும் பயணிகள் விமானத்துக்கு இது ஒத்துவரவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் இதைப் பார்த்துத்தான் திருப்புவிசை கேட்டன. 6-ஆர் பிறந்த காரணம் அது.

அமெரிக்காவில் விற்றதா?

யுனைடெட் ஏர்லைன்ஸ் 1960இல் 20 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சேவை தொடங்கியது. நியூயார்க்–சிகாகோ பாதையில் ஆண்கள் மட்டும் ஏறக்கூடிய மாலை நேர வணிகப் பயணத்துக்கும் இவற்றைப் பயன்படுத்தினார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், 1970 வரை அந்தச் சேவை நடந்தது.

1960இலேயே டக்ளஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். டக்ளஸ் விற்பதற்கும் பராமரிப்புக்கும் பொறுப்பு, தேவை பெருகினால் அமெரிக்காவிலேயே கட்டவும் செய்யலாம். யுனைடெட்டுக்குப் பிறகு இன்னொரு அமெரிக்க விமான நிறுவனமான டிடபிள்யூஏ 20 கேட்டது, 1962இல் ரத்து செய்தது. அந்த ஆர்டருக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் பொருத்திச் செய்த 10-ஏ ஒன்றோடு நின்றது. டக்ளஸ் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, வாலில் இரண்டு எஞ்சினோடு தன் சொந்த டிசி-9 விமானத்தைக் கட்டியது. அது 976 விற்றது.

காரவெல் நல்ல டர்போஃபேன் எஞ்சினோடு 10-பி வடிவில் பறந்தது 1964 மார்ச். போயிங் 727 அதற்கு முந்தைய மாதமே சேவைக்கு வந்துவிட்டது. 1965இல் பிஏசி 1-11, டிசி-9. எல்லாமே புதிய எஞ்சினை மனத்தில் வைத்து முதலிலிருந்து வரைந்தவை. காரவெல்லுக்கோ ஏவானின் எரிபொருள் பசியும் பழைய உடலும் சேர்ந்து வந்தன. தொழிற்சாலையின் கவனமும் பணமும் கான்கார்டுக்குத் திரும்பிவிட்டன. வகை 12 போன்ற நீட்சியை 1964இலேயே செய்திருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும் என்பது எங்கள் கருத்து. அது வந்தபோது வாங்க ஆள் இல்லை.

பனிமூட்டத்தில் தானாகத் தரையிறங்கியது காரவெல்லா?

1969 ஜனவரி 9 அன்று லியோனிலிருந்து வந்த ஏர் இன்டர் காரவெல் 3, பயணிகளோடு பாரிஸின் ஓர்லியில் மூடுபனிக்குள் தானியங்கி முறையில் இறங்கியது. பிரிட்டனின் டிரைடென்ட் 1965லேயே பயணிகளோடு தானியங்கி முறையைப் பயன்படுத்தியது, ஆனால் அன்று வானிலை தெளிவாக இருந்தது. உள்நாட்டுப் பாதைகளை மட்டுமே நம்பியிருந்த ஏர் இன்டருக்குக் குளிர்காலப் பனியால் ரத்தாகும் ஒவ்வொரு பயணமும் ரயிலுக்குப் போகும் வருமானம். அதனால்தான் அந்த நிறுவனம் இதில் இவ்வளவு முனைந்தது.

1963 ஸ்விஸ்ஏர் விபத்தில் பிரேக் எப்படி விமானத்தை வீழ்த்தியது?

படிப்படியாகப் பார்க்க வேண்டிய விபத்து இது. செப்டம்பர் 4, சூரிக். ஓடுபாதையில் அடர்ந்த மூடுபனி. விமானி பனியின் அளவைப் பார்க்கவும், ஜெட் காற்றால் அதைக் கலைக்கவும் ஓடுபாதையின் ஒரு பகுதிவரை எஞ்சின் விசையைக் கூட்டி ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். விசை கூட்டியபடி வேகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பிரேக் கொதித்தது. அந்தச் சூடு மக்னீசியக் கலவையில் செய்த சக்கர விளிம்புக்கு ஏறியது. புறப்படும் நேரத்தில் ஒரு விளிம்பு உடைந்தது, துண்டு ஓடுபாதையில் கிடைத்தது. எழும்பியதும் சக்கரங்கள் உள்ளே மடங்கின, தீயும் அவற்றோடு உள்ளே போனது. சக்கர அறைக்குள் இருந்த ஹைட்ராலிக் குழாய்களும் இறக்கையின் பாகங்களும் எரிந்தன. காரவெல்லின் கட்டுப்பாட்டுத் தகடுகளை அசைப்பது ஹைட்ராலிக் அழுத்தம்தான். சில நிமிடத்தில் டுர்ரெனேஷ் கிராமத்தருகே விழுந்து 80 பேரும் இறந்தார்கள். அவர்களில் 43 பேர் ஹும்லிகோன் என்ற ஒரே சிற்றூர்க்காரர்கள்.

பிரேக் சூடாக இருக்கும் சந்தேகம் இருந்தால் சக்கரத்தை உடனே மடக்கக் கூடாது. வெளியே விட்டுக் காற்றில் ஆற வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஆறும்வரை புறப்படவே கூடாது.

இந்தியன் ஏர்லைன்ஸில் எப்போது வந்தது?

1964 தொடக்கத்தில் 6-என் வகை சேவைக்கு வந்தது. அதுவரை உள்நாட்டில் வேகமான விமானம், டர்பைன் எஞ்சின் சுழலியைச் சுற்றும் டர்போபிராப் வகையான வைக்கவுண்ட்தான். பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை இடையேயான முக்கியப் பாதைகளைக் காரவெல் எடுத்துக்கொண்டது. 1970 கடைசியிலிருந்து போயிங் 737 வரத்தொடங்கியதும் படிப்படியாகப் பின்னுக்குப் போனது.

1966இல் இரண்டு விமானங்கள் போயின: பிப்ரவரியில் டெல்லி பாலத்தில் தரையிறங்கும்போது ஒன்று, செப்டம்பரில் பம்பாயில் பயிற்சிப் பறப்பில் ஒன்று.

1976 பம்பாய் விபத்தில் நடந்தது என்ன?

அக்டோபர் 12 அதிகாலை, பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விமானம். போக வேண்டியது போயிங் 737. கோளாறு என்று அதை நிறுத்திவிட்டுக் காரவெல்லை மாற்றி அனுப்பினார்கள். எழும்பிய சிறிது நேரத்தில் வலப்புற எஞ்சினில், காற்றை அழுத்தும் காம்ப்ரஸரின் 10ஆம் அடுக்கு டிஸ்க், அதாவது பிளேடுகளைத் தாங்கும் வட்டு, உடைந்தது. அதில் உலோகச் சோர்வால் விரிசல் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. ஒரு பிளேடு உடைந்தால் எஞ்சினின் உறை தடுத்துவிடும். டிஸ்க்கே உடைந்தால் எந்த உறையாலும் தடுக்க முடியாது. துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்தன, கசிந்த எரிபொருள் எஞ்சின் அறையில் பற்றியது. விமானி திரும்பி ஓடுபாதையை நோக்கி வந்துவிட்டார். ஆனால் தீயில் ஹைட்ராலிக் திரவம் போனது, கட்டுப்பாடும் போனது. ஓடுபாதையைத் தொடும் முன் தலைகுப்புற விழுந்தது. 95 பேரும் இறந்தார்கள். நடிகை ராணி சந்திராவும் அவர் குடும்பத்தினரும் அதில் இருந்தார்கள்.

ஒற்றை எஞ்சின் கோளாறு என்று மட்டும் இதைப் படித்தால் பாதிதான் புரியும். ஓர் எஞ்சினோடு காரவெல் நன்றாகவே பறக்கும். வீழ்த்தியது எஞ்சின், எரிபொருள் குழாய், ஹைட்ராலிக் மூன்றும் வாலில் நெருங்கி இருந்ததுதான்.

கொழும்பிலிருந்து புறப்பட்ட காரவெல் ஒன்றும் விபத்துக்குள்ளானதா?

1972 மார்ச் 14, டென்மார்க்கின் ஸ்டெர்லிங் நிறுவனத்தின் 10-பி. கொழும்பிலிருந்து கோபன்ஹேகனுக்கு, வழியில் பம்பாய், துபாய், அங்காரா. இவ்வளவு நிறுத்தங்கள் எதற்கு என்று கேட்பார்கள். குறுந்தூர விமானத்தைக் கண்டம் தாண்டும் சுற்றுலாப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் எரிபொருள் நிரப்ப இப்படி நின்று நின்றுதான் போக முடியும். துபாயை நெருங்கும்போது இரவு. உண்மையில் இருந்த இடத்தைவிட நிலையத்துக்கு அருகில் வந்துவிட்டதாக எண்ணி விமானிகள் முன்னதாகவே தாழ இறங்கிவிட்டார்கள். இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் கல்பா அருகே மலைமுகட்டில் மோதியது. 112 பேர் இறந்தார்கள், காரவெல் வரலாற்றில் இதுவே மிக அதிகம். விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை.

சூப்பர் காரவெல் என்பது எது?

இரண்டு விஷயத்துக்கு அந்தப் பெயர் உண்டு. 10-பி வகையை விற்பனைக்காக அப்படி அழைத்தார்கள். 1961 பாரிஸ் கண்காட்சியில் சூட் ஏவியேஷன் காட்டிய ஒலியைவிட வேகமான விமானத்தின் மாதிரிக்கும் அதே பெயர். பின்னதுதான் பிரிட்டனின் திட்டத்தோடு சேர்ந்து கான்கார்டு ஆனது. பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் பறக்கவிட்டது முன்னதை.

பயணிகள் சேவைக்குப் பிறகு என்ன ஆயின?

ஏர் பிரான்ஸ் 1981இல் விடைகொடுத்தது. ஏர் இன்டரின் வகை 12 விமானங்கள் அதற்குப் பிறகு பத்தாண்டு ஓடின. கொலம்பியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சில விமானங்கள் சரக்கோடும் ஆட்களோடும் 2000 தாண்டியும் பறந்தன.

சோதனை வேலைக்குக் காரவெல் நன்றாகப் பொருந்தியது. மிராஜ் 2000 போர்விமானத்துக்கான எம்53 எஞ்சினையும், பின்னால் போயிங் 737க்கும் ஏர்பஸ்ஸுக்கும் போன சிஎஃப்எம்56 எஞ்சினையும் பிரான்சில் காரவெல்லில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். பிரெஞ்சு விண்வெளி அமைப்பு ஒரு 6-ஆர் விமானத்தை எடையின்மைச் சோதனைக்குப் பயன்படுத்தியது; 1995 வரை அது வளைவுப் பாதையில் ஏறி இறங்கி ஒவ்வொரு முறையும் இருபது நொடி அளவு எடையின்மையைத் தந்தது. அடுத்து அந்த வேலை ஏர்பஸ் ஏ300க்குப் போனது. சுவீடன் விமானப்படை எஸ்ஏஎஸ்ஸின் பழைய வகை 3 விமானங்கள் இரண்டை வாங்கி, பால்டிக் கடலுக்கு மேலே மின்னணு ஒற்றறிதலுக்கு வைத்திருந்தது.

இன்று எங்கே நேரில் பார்க்கலாம்?

துலூஸில் உள்ள ஏரோஸ்கோப்பியா அருங்காட்சியகத்தில் கடைசியாகக் கட்டிய விமானம், ஏர் இன்டரின் வகை 12, இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்தில் சுவீடன் விமானப்படையின் வகை 3 ஒன்றை ஆர்வலர்கள் பராமரிக்கிறார்கள். எஞ்சினை இயக்கிக் காட்டும் நாளில் போனால் ஏவானின் கூர்மையான ஊளையைக் கேட்கலாம், காதடைப்பான் கட்டாயம். நேரில் பார்க்கும்போது வாலுக்கு அடியில் நின்று படிக்கட்டின் இருபுறமும் நிமிர்ந்து பாருங்கள். எஞ்சின் கூடுகள் தலைக்குமேல் கை எட்டாத உயரத்தில், உடலோடு எவ்வளவு ஒட்டி இருக்கின்றன என்பது படத்தில் தெரிவதில்லை.